கோணலோடு தூக்குகிறவர்

வீட்டுக்காரர் கைகுலுக்க நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, லெமுவல் விக்ஃபால் சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்துவிடுகிறார். குண்டு கொஞ்சம் தயங்கிவிட்டு ஏதோ ஒரு மூலையைப் பார்த்து உருள ஆரம்பிக்கிறது. இவர் அதன் பின்னாலேயே போகிறார். அது நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. அதற்கப்புறம்தான் தொப்பியைக் கழற்றி, "சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்பார்.

அவர் மனைவி வெர்னிஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "என்னைப் பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கு எங்கப்பா எந்திரிச்சு நிக்கறார், இந்த மனுஷன் தரையில மண்டி போட்டுக்கிட்டு 'உங்க வீடு தெக்கால ஒரு இஞ்சு எறங்கியிருக்கு சார்'ங்குது. எங்கப்பா அப்பவே சொன்னார், இவனைக் கட்டிக்கிட்டா உனக்கு வீட்டுக் கவலை இல்ல, மத்த கவலையெல்லாம் உண்டுன்னு."

வயது ஐம்பத்தெட்டு. தொழில், வீடு தூக்குவது. அமெரிக்கக் கடலோர ஊரான எங்கள் சார்ல்ஸ்டனில் கடல் தெருவுக்குள் வந்துவிட்டுப் போவது சாதாரணமாகிவிட்ட பிறகு அவருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. வீட்டின் அடியில் இரும்பு உத்தரங்களைச் செருகி, சுற்றிலும் ஜாக்கி கொடுத்து, ஒரு நாளைக்கு ஓரிரு அடியாக உயர்த்தி, கீழே புதிய தூண்கள் எழுப்பி அதன்மேல் உட்கார வைத்துவிடுவார்.

ஆனால் நேராகத் தூக்க மாட்டார். இதைக் கேட்டு முதலில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வக்கீலின் வீட்டை ரசமட்டம் வைத்து மயிரிழை பிசகாமல் நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலையிலேயே போன். பதினேழு கதவில் ஒன்றுகூடச் சாத்தவில்லை. அந்தக் காலத்து நிலநடுக்கத்தில் சாய்ந்துபோன வீடு அது. சாய்வுக்குத் தகுந்தாற்போல நூறு வருஷமாகக் கதவுகளை இழைத்து இழைத்து வைத்திருந்தார்கள். இவர் வீட்டை நிமிர்த்தினார், கதவெல்லாம் கோணலாகிவிட்டது. "வக்கீலம்மா மூணு நாள் செவுத்தப் பிடிச்சுக்கிட்டே நடந்துச்சு. கோணல்லயே பொறந்து வளந்த காலு, திடீர்னு சமமா வெச்சா தாங்குமா?" என்பார். அன்றிலிருந்து எந்த வீட்டையும் அதன் கோணல் அப்படியே இருக்கும்படிதான் தூக்குகிறார். மேலே போன பிறகும் கோலிக்குண்டு அதே சாக்பீஸ் புள்ளிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது.

ஊர் பார்க்க வருகிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து தூணையும் வளைந்த மாடிப்படியையும் படம் பிடிப்பார்கள். இவர் பார்வை முட்டிக்கு மேலே ஏறாது. எந்த வீட்டு முகப்பு என்ன நிறம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அடித்தளத்தைக் காட்டினால் போதும், கட்டின காலத்தைச் சொல்லிவிடுவார். வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஸ்டைல் ஸ்டைல்னு புஸ்தகம் போடறாங்க. இங்க என்ன ஸ்டைலு? வெக்கை தாங்கல, வீட்டையே திருப்பி வெச்சு, தெருவுக்கு இடுப்பக் காட்டிட்டு, காத்து வர்ற பக்கம் தாழ்வாரம் போட்டான். தீப்பிடிச்சு ஊரு எரிஞ்சுது, செங்கல்லுக்கு மாறினான். அப்புறம் கையில காசு வந்துச்சு, கோயிலாட்டம் தூண் வெச்சான், அது பெருமைக்கு. பூமி ஆடுச்சு, இந்தச் செவுத்துலேருந்து அந்தச் செவுத்துக்கு இரும்புக் கம்பி விட்டு முடுக்கினான். இப்ப தண்ணி. தூக்குறோம். நாளைக்கு இதுக்கும் ஒரு பேரு வெப்பான்."

புதிதாகச் சதுப்பு நிலத்தை மூடிக் காங்கிரீட் தளத்தின்மேல் கட்டின வீடுகளை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "அடிவயிறே இல்லாத வீடு, எங்க கை குடுத்துத் தூக்கறது?" என்று முகத்தைச் சுளிப்பார்.

பிடித்தது எங்கள் தெருவில் இருப்பதைப் போன்ற சின்ன வீடுகள். அடிமைத்தளை அறுந்து வந்த ஜனங்கள் கட்டியவை. பெரிய வீட்டு அமைப்பேதான், மாடி மட்டும் கிடையாது. தெருவுக்கு இடுப்பைக் காட்டி, பக்கவாட்டில் நீளத் தாழ்வாரத்தோடு, ஒன்றரை அடித் தூண்மேல் நிற்கும். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டோம், தாழ்வாரத்துக்குத்தான் போவோம். அந்தக் கதவு திறந்திருந்தால் யாரும் வரலாம்; மூடியிருந்தால் தட்டக்கூடாது. இது எங்கள் ஊர் நாகரிகம்.

என் எதிர்வீட்டு மிஸ் ஒடெல்லாவின் கதவு மூடி நான் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். முட்டி தேய்ந்துபோய் இப்போது தாழ்வாரமே உலகம். போகிற வருகிற பாதிப்பேர் அவர் வண்டியில் பள்ளிக்கூடம் போனவர்கள். எல்லாரையும் நிறுத்தத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். "ஏய் நாலாவது ஸ்டாப்பு, உங்கம்மாவுக்கு இருமல் நின்னுச்சா?"

மூன்று வருஷத்தில் இரண்டுமுறை அந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தூக்குவதற்கு அரசாங்க உதவி கிடைத்தது. எட்டு அடி தூக்க வேண்டும் என்பது நிபந்தனை, ஒரு அங்குலம்கூடக் குறைக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் உதவி வேறொருவருக்குப் போய்விடும். இன்னொரு வெள்ளம் வந்தால் வீடு தாங்காது. ஒடெல்லா இரண்டு தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை விக்ஃபால் வந்து கோலிக்குண்டை உருட்டியபோது நானும் தாழ்வாரத்தில் இருந்தேன்.

"மூணடி தூக்கு, போதும்."

"எட்டுங்க, மிஸ் ஒடெல்லா."

"எட்டடி மேல போய் உக்காந்தா எங்கதவு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு எவனுக்குய்யா தெரியும்? பதிமூணு படி ஏறி என்னைப் பாக்க எவன் வருவான்? நானும் எறங்க முடியாது. தண்ணியில முங்கிச் சாகறதுக்குப் பதிலா மேல தனியா உக்காந்து சாகணும், அவ்வளவுதானே?"

விக்ஃபால் குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "ஜனங்க வருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. தண்ணி வரும்னு மட்டும் சொல்லுவேன்."

"நீ வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்."

"ஆமாங்க."

ஒடெல்லா பேனாவை என்னிடம் கேட்டார். கையெழுத்துப் போடும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஐந்து நாளில் வீடு மேலே போனது. வடகிழக்கு மூலை ஒன்றரை அங்குலம் தாழ்ந்தபடியே போனது. குண்டு புள்ளிக்குப் போனது, கதவுகள் பழையபடி சாத்தின. படிகள் கட்டி, வேலை முடியும்வரை தங்கியிருந்த தங்கை வீட்டிலிருந்து ஒடெல்லாவை அழைத்து வந்து, இரண்டுபேர் தாங்கி ஏற்றி விட்டார்கள். விக்ஃபால் சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுத்த தெரு வேலைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறமும் தெருவில் போகிறவர்கள் வழக்கம்போலப் போனார்கள். முன்பு திரும்பினாலே முகம் தெரிந்த இடத்தில் இப்போது வெறும் தூண்கள். அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் மேலிருந்து கூப்பிடுவது வண்டிச் சத்தத்தில் கரைந்துபோனது. ஒன்பதாம் நாளிலிருந்து கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? முதல் நாள் கையசைத்தேன். இரண்டாம் நாள் படியேறினேன். பிறகு நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

அவர் திரும்பி வந்த பிறகு இரண்டாவது சனிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். விக்ஃபாலின் பெரிய ட்ரக் வந்து ஒடெல்லாவின் தாழ்வாரத்தை ஒட்டி நின்றது. ஏதோ பாக்கி வேலை என்று நினைத்தேன். அவர் இறங்கினார், படிப்பக்கம் போகவில்லை. பூட்ஸைக் கழற்றி வைத்தார். டயரில் ஒரு கால், பானெட்டில் ஒரு கால், பிறகு வண்டியின் தலைக்குமேல் சாமான் கட்டும் இரும்புச் சட்டத்தில் ஏறி, காலுறையோடு நிமிர்ந்து நின்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒடெல்லாவின் முகமும் அவர் முகமும் இப்போது நேருக்கு நேர்.

"யோவ், கிறுக்குப் பிடிச்சிருச்சா? விழுந்து தொலைக்கப் போற."

"இல்லீங்க. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

தெருவில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒடெல்லாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "என்னடா பாக்கற, ஆறாவது ஸ்டாப்பு?"

விக்ஃபால் கீழே திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு வேலியில் சாய்கிறவர்போலத் தாழ்வாரத்துக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.