டர்போ போட்ட வண்டியில் பெண் பார்க்கப் போனோம்

என் மைத்துனனுக்குக் கூடிவந்த பெண் கைவிட்டுப் போனதற்கு நான்தான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். குழாய்களிலும் கலன்களிலும் உள்ள அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. வீடு சிதம்பரத்தில். போக வர எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. பத்து வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார் ஒன்றில்தான் தினமும் போய்வந்தேன். அதன்மீது எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவன் எனக்கே அதிகாரியாகி, டர்போ எஞ்சின் வைத்த புது வண்டி வாங்கும்வரை.

அவனும் சிதம்பரம்தான். காலையில் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் எங்காவது என்னைத் தாண்டிப் போவான். தாண்டும்போது ஒரு ஹாரன். ஒருநாள் கேன்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணே, ஒங்கள பாலத்து மேல பாத்தேன். கீழ வெள்ளாறு ஒங்கள விட வேகமா போவுது" என்றான். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சாம்பார் சாதம் அதன்பிறகு இறங்கவில்லை.

அந்த வாரமே மைத்துனனிடம் போனேன். கடலூர் முதுநகரில் அவனுக்குச் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப். எங்கள் இரண்டு வீடுமே கடலுக்குப் போகிற குடும்பம். அவன் பத்தாவது முடித்ததும் படகு எஞ்சின் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு, அதிலிருந்து காருக்கு வந்தவன். அதிகம் பேச மாட்டான். எஞ்சின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பான், பிறகு ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவான். பெரும்பாலும் அங்கேதான் பழுது இருக்கும்.

"டர்போ போடணும் மச்சான்" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "வேணாம் மாமா. இந்த எஞ்சினு அதுக்குப் பொறந்தது இல்ல. காத்த உள்ள அமுக்கி அனுப்புனா பிஸ்டன் தாங்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்தாருன்னா வண்டிய புடிச்சி உள்ள வச்சிடுவாரு. தெனம் ஓட்டுற வண்டி, எதுக்கு?"

"தெரியாதுன்னு சொல்லு. நான் சென்னைக்குப் போறேன்."

"தெரியும் மாமா. அதனாலதான் வேணாங்கிறேன்."

அப்போது நான் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "ஒங்கக்காவ கொஞ்ச நாளு ஒங்க வீட்டுலயே வச்சிக்கிறியா? கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. பெட்ரோல் பங்க் எங்கே என்று கேட்பதுபோல்தான் கேட்டேன்.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "வண்டிய வுட்டுட்டுப் போங்க" என்றான்.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். பாண்டிச்சேரியில் உடைசல் வண்டிகள் விற்கிற இடத்தில் ஒரு டர்போவைத் தேடிப் பிடித்தான். சைலன்சர் குழாயை அறுத்து அவனே வெல்டிங் வைத்தான். டர்போவுக்கு ஆயில் போக ஒரு லைன், திரும்பி வர ஒரு லைன், முன்பக்கத்துக் கம்பி வலைக்குப் பின்னால் காற்றைக் குளிரவைக்க ஒரு கூலர். எஞ்சின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவை மாற்றி எழுத பாண்டிச்சேரியில் இன்னொரு ஆளிடம் வண்டியைக் கொண்டுபோனான். நான் தினமும் பஸ்ஸில் போனேன். போனில் அவனை அவசரப்படுத்தினேன்.

வண்டியைத் தந்த அன்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். "எஞ்சினு சூடாவுறதுக்கு முன்னாடி மிதிக்காதீங்க. போய்ச் சேந்ததும் ஒடனே ஆஃப் பண்ணாம ஒரு நிமிசம் ஓட வுடுங்க." பிறகு விரல் நீளத்தில் இருந்த ஒரு கம்பியைத் தொட்டான். அழுத்தம் போதுமான அளவுக்கு வந்ததும் மிச்சப் புகையை வேறு வழியில் திருப்பிவிட ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறக்கிற கம்பி அது. அதன் நுனியில் ஒரு நட்டு. நட்டையும் கம்பியையும் சேர்த்துக் குறுக்காக வெள்ளை பெயிண்டில் மெல்லிய கோடு இழுத்திருந்தான். "இத மட்டும் தொடாதீங்க மாமா. ரொம்பக் கம்மியாத்தான் வச்சிருக்கேன். இதுக்கு மேல போனா ஒடைஞ்சிடும்."

அந்த நட்டைத் திருகினால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் இன்னும் ஏறும் என்று அவன் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுத்தம்தான் என் தொழிலே.

முதல் ஒரு மாதம் நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். புதுச்சத்திரம் தாண்டி மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் வண்டி கிளம்பும். மெல்லிய விசில் கேட்கும். லாரிகளை, பஸ்களைத் தாண்டினேன். ஆனால் அந்த அதிகாரியின் வண்டி மட்டும் எப்போதும்போல் என்னைத் தாண்டிப் போனது, ஹாரனோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பானெட்டைத் திறந்து, வெள்ளைக் கோடு போட்ட நட்டை நாலரைச் சுற்று திருகினேன். என் மனைவி டீயோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"தம்பி தொட வேணாம்னானே."

"ஒன் தம்பிக்கு நான் பாடம் எடுப்பேன். உள்ள போ."

டீயை மதில் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மைத்துனனுக்குப் பெண் பார்க்கும் நாள். பெண் வீடு சிதம்பரத்தில். பெண்ணின் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் மெக்கானிக் என்றதும் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது; போட்டோ பார்த்துப் பெண்ணும் சரி என்றிருந்தாள். போய்ப் பார்த்துப் பூ வைத்துவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி. காலையிலேயே நானும் மனைவியும் முதுநகர் போய், மைத்துனனையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டோம். மைத்துனன் புது வெள்ளைச் சட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நகத்து இடுக்கில் இருந்த கறுப்பையெல்லாம் தேய்த்துத் தேய்த்து எடுத்திருந்தான். விரல் நுனிகள் சிவந்திருந்தன. பின்னால் மாமியார் மடியில் பூவும் பழமும் வைத்த தட்டு.

ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்ணாடியில் அந்த அதிகாரியின் வண்டி தெரிந்தது. நான் மிதித்தேன்.

"மெதுவா போங்க, நேரம் இருக்கு" என்றாள் மனைவி. அவன் நெருங்கி வந்தான். நான் இன்னும் மிதித்தேன். வண்டி இதற்கு முன் போகாத வேகத்தில் போனது. அவன் பின்தங்கினான். எனக்குத் தொண்டை வரை சந்தோஷம். அப்போது எஞ்சினுக்குள்ளிருந்து கொட்டாங்குச்சியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் வந்தது.

மைத்துனன் நிமிர்ந்தான். "மாமா, காலை எடுங்க."

எடுக்கவில்லை.

"மாமா, காலை எடுங்க!" அவன் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அது ஒன்றுதான். அந்த வாக்கியம் முடிவதற்குள் காலடியில் சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு அடி. கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. மாமியார் அலறினார். வண்டியை ஓரம் கட்டும்போது பின்னால் ரோட்டில் நீளமாக ஆயில் கோடு. அந்த அதிகாரியின் வண்டி எங்களைக் கடந்து போனது. ஹாரன் கூட அடிக்கவில்லை.

மைத்துனன் இறங்கிப் பானெட்டைத் திறந்தான். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சின் பக்கவாட்டில் கைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. அவன் ஓட்டையைப் பார்க்கவில்லை. நேராக அந்த நட்டைத்தான் பார்த்தான். வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கம்பியிலும் ஒரு பாதி வேறு பக்கமும் இருந்தது. குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் என் போனைப் பார்த்தேன். அவன் பானெட்டை மூடினான். சட்டையில் வயிற்றுப் பக்கம் ஆயில் அப்பியிருந்தது.

வழியில் வந்த குட்டியானை ஒன்றை நிறுத்தி ஏறிக்கொண்டோம். முன்னால் மாமியாரும் என் மனைவியும். பின்னால் காலி வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே நாங்கள் இருவரும், தட்டும். சிதம்பரம் வரை நான் அவனிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். தட்டில் இருந்த ஆப்பிள் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பெண் வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். குட்டியானையிலிருந்து மாப்பிள்ளை குதித்ததைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரித்தன. பெண்ணின் அப்பா பதறிப்போய், "என்னா ஆச்சுங்க? ஆக்சிடென்டா?" என்றார்.

"எஞ்சினு வெடிச்சிடுச்சி" என்றேன்.

"நல்லா ஓடுற வண்டி எப்படிங்க வெடிக்கும்?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். மைத்துனன் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பொய்க்கு எத்தனையோ வழி இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை என்றிருக்கலாம், பழைய வண்டி என்றிருக்கலாம்.

"எல்லாம் மாப்பிள்ளையோட கைவேலைதாங்க" என்றேன். "புதுசா என்னென்னமோ மாட்டிக் குடுத்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கள மேல அனுப்பப் பாத்தாரு."

சிரிப்பு வரும் என்றுதான் சொன்னேன். வந்தது. வாசலில் நின்றவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். கேன்டீனில் எனக்குக் கிடைத்ததை வேறொருவன் தலைக்கு மாற்றிவிட்ட நிம்மதி இருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மைத்துனனின் சட்டையில் இருந்த கறையைப் பார்த்தார். "நீங்க செஞ்ச வேலையா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றான் அவன்.

சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டோம். பெண் வந்து நின்றாள், போனாள். பூ வைக்கவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து எனக்குத்தான் போன் வந்தது. "தப்பா நெனைக்காதீங்க. பஸ்ஸு ஓட்டியே வயசானவன் நான். அக்கா வீட்டு வண்டியையே இப்படிச் செய்யிறவர நம்பி எப்படிங்க..." என்று இழுத்தார். "ஒங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டேன். விஷயத்தை அவனிடம் சொல்லும் வேலையை மாமியாருக்கு விட்டேன்.

திங்கட்கிழமை ஆலையில் அந்த அதிகாரியைப் பார்த்தேன். அவன் கேலி செய்வான் என்று காலையிலிருந்தே பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "வெள்ளிக்கெழம ரோட்டுல பொகையா நின்னுதே, அது ஒங்க வண்டியா?" என்றான். "அடடா, கவனிக்கலண்ணே. பையனுக்குக் காய்ச்சல்னு போன் வந்துது, அந்த நெனப்புல போயிட்டேன்." நாங்கள் பந்தயம் ஓட்டியதே அவனுக்குத் தெரியாது.

மைத்துனன் வேறொரு எஞ்சினைத் தேடிப் பிடித்து மாட்டினான். டர்போவைக் கழற்றி, வண்டியைப் பழையபடி ஆக்கித் தந்தான். இதற்கு நடுவே முதுநகரில் அவன் பெயர் கெட்டுவிட்டது. அதிலும் என் பங்கு உண்டு. பஸ்ஸில், டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் அதே வேடிக்கையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேறியது.

ஒருநாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "நீங்க நட்டத் திருவுனத தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

"யார கேட்டுச் சொன்ன?"

"அவனுக்கு ரோட்டுலயே தெரிஞ்சிடுச்சாம்."

"அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாடியும் ஆமாங்கன்னு நின்னான்?"

அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "நாலு பேரு முன்னாடி ஒங்கள வுட்டுக்குடுத்தா, வீட்டுக்கு வந்து எம்மேல கைய வைப்பீங்களாம். அதான் பேசலன்னான்."

அதற்குமுன் இரண்டு முறை அவளை அடித்திருக்கிறேன். இரண்டும் எங்கள் வீட்டுச் சுவருக்குள் முடிந்துபோனவை என்று நம்பியிருந்தேன். வெட்கம் முதலில் வந்தது என்று இங்கே எழுதினால் அது பொய். முதலில் வந்தது கோபம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். அந்த ஒரு அடியைப் பார்த்த பிறகுதான் கையைக் கழுவப் போனேன்.

சில மாதம் கழித்து ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முன்பு ஐந்தாறு வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒன்றுதான் நின்றது. மைத்துனன் அதன் அடியிலிருந்து வெளியே வந்தான். தண்ணீர் கொடுத்தான். அக்கா எப்படி இருக்கிறாள், மூட்டு வலி ஜாஸ்தியாக இருக்கிறதா என்று விசாரித்தான். சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வீட்டுக்கு எப்ப வேணும்னாலும் வாங்க மாமா. வண்டிய மட்டும் இங்க கொண்டாராதீங்க."

"ஏன்?"

அவன் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டான். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. சிறிது நேரம் அந்தக் கால்களிடம் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அவளுடைய அப்பாவை மேலவீதி டீக்கடையில் அவ்வப்போது பார்ப்பேன். நல்ல மனிதர். என்னைக் கண்டால் எழுந்து இடம் விடுவார். "மச்சானுக்கு எடம் ஏதாவது அமைஞ்சுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "பாத்துக்கிட்டே இருக்கோம்" என்பேன். "அமைதியான பையன். தொழில்லதான் கவனம் பத்தல" என்பார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.