மடிக்கு வந்த கூந்தல்

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. வலது தோளில் வலி. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. இடுப்பைத் தாண்டிய சுருட்டை முடியை எப்படிச் சீவுவேன்? சிக்கு ஏறிப் போனது. வலி என்று சொன்னால் வீட்டுத் தறிக்கு நூல் சுற்ற விடமாட்டார்கள் என்று பயந்து, "சாமிக்கு மொட்டை போடறதா வேண்டிக்கினு இருக்கேன்" என்று கணவரிடம் பொய் சொன்னேன்.

கோயில் குளக்கரையில் மொட்டை போடுபவர் முன் உட்கார்ந்தேன்.

"கொண்டைய அவுத்துடுங்கம்மா" என்றார்.

தூக்கிய கை பாதியிலேயே நின்றது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வேண்டுதலா, கை வலியாம்மா?"

அழுதுவிட்டேன்.

"விரலெல்லாம் சாயமா இருக்குது, தறிக்காரவூடுதானே? சிக்கு விழுந்த நூல எங்க வெச்சிப் பிரிப்பீங்க?"

"மடியில."

"முடியையும் மடிக்குக் கொண்டாந்துடுங்கம்மா."

அவரே கொண்டையை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார். நான் தலையைச் சாய்த்து, முடி மொத்தத்தையும் இடது தோள் வழியாக முன்னால் போட்டுக்கொண்டேன். நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்து, தளர்வாகப் பின்னினேன். கை நெஞ்சுக்கு மேல் போகவே இல்லை. நாள் முழுக்கப் பட்டு நூலை இப்படித்தானே பிரிக்கிறேன், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை! வேண்டுதலுக்குப் பூமுடியாக மூன்று கொத்தை மட்டும் நறுக்கிக்கொண்டார்.

வீட்டில் கணவர் என் தலையைப் பார்த்துத் திகைத்தார். "மொட்டை என்னாச்சி?"

"பூமுடியே போதும்னு சாமி சொல்லிட்டாரு."

அதை மட்டும் இன்றுவரை நான் பொய்யென்று நினைக்கவில்லை.