புத்தகம் முடிந்த பிறகு பதினொரு விநாடி

இது கட்டுக்கதை இல்லை. நம்ப மனமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்த தேதியும் நேரமும் ஒலிப்பதிவுக் குறிப்பேட்டில் இன்றும் இருக்கின்றன. எல்லாம் பட்டப்பகலில் நடந்தவை.

அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் எழுத்தைச் சுமந்தவர், தனக்கென்று ஒரு புத்தகம் முழுசாகப் படித்ததில்லை. மனைவி நேர்மாறு. தேனீ வளர்ப்பு, கப்பல் பயணம், கொலை வழக்கு, நட்சத்திரங்கள்... கைக்கு எது வந்தாலும் விடமாட்டாள். படித்து முடித்த சூட்டோடு வாசலில் போகிறவர்களை நிறுத்துவாள். "இதை வாசிச்சீங்களா? அப்போ அடுத்து அதை எடுங்க!"

சர்க்கரை நோய் அவள் கண்களைப் பறித்தது. அதன்பிறகு அவர்தான் வாசித்துக் காட்டினார், வேண்டாவெறுப்பாக. சீக்கிரம் தீரட்டும் என்று நடுவில் பத்திகளைத் தாண்டுவார். அவள் உடனே மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டொக். டொக்.

"முழுங்கிட்டீங்க. திரும்பிப் போங்க."

ஒரு மாலை, இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் வாசிக்கச் சொன்னாள்.

"உனக்குப் படிச்சுப் படிச்சே என் தொண்டை வறண்டுபோச்சு! வேற வேலை இல்லையா எனக்கு?"

அவள் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு வாசிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. விட்டது தொல்லை என்று அவரும் இருந்துவிட்டார். நான்கு மாதம் அப்படியே சும்மா படுத்துக் கிடந்தாள். பிறகு போய்ச் சேர்ந்தாள்.

வீடு வெறிச்சோடிய பின்புதான் அவருக்கு உறைத்தது. பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் மையத்தில் போய் நின்றார். "சம்பளம் ஒண்ணும் வேண்டாம். வாசிக்க மட்டும் விடுங்க."

சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதிவு செய்யும் பெண். அவள் இவரை அண்ணே என்பாள்.

செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.42.

"அண்ணே, ஒரு நிமிஷம். பக்கம் திருப்புற சத்தம் முன்னாடியே வருது."

"எதுக்கு முன்னாடி?"

"நீங்க திருப்புறதுக்கு முன்னாடி."

இருவரும் சிரித்தார்கள். மைக்கை மாற்றினார்கள்.

புதன்கிழமை. 3.15. அசதியில் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டார்.

டொக்... டொக்...

"அண்ணே, மேசையத் தட்டாதீங்க."

அவருடைய இரண்டு கைகளும் புத்தகத்தின் மேல் இருந்தன.

"நான் தட்டல..."

விட்ட பத்திக்குத் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை. 4.06. கடைசி வரி. புத்தகத்தை மூடினார்.

எதிரே இருந்த காலி நாற்காலி...

கிரீச்.

கண்ணாடிக்கு அப்பால், ஒலி அளவு காட்டும் முள் எழுந்தது. விழுந்தது. எழுந்தது. யாரோ பேசுவதுபோல.

அறையில் சத்தமே இல்லை.

பதினொரு விநாடி.

முள் நின்றது.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். வெறும் மௌனம்.

ஆறு மாதத்தில் எட்டுப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் அதே பதினொரு விநாடி. அதை வெட்டி எறிய அந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படியே அனுப்பிவைத்தாள்.

பிறகு ஒரு நாள், காலை 11.20 மணிக்கு, மையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வாசிக்கிறவரைக் கேட்கிறார் என்று பதிவுப் பெண் ரிசீவரைத் தபால்காரரிடம் கொடுத்தாள்.

"சார், நீங்க நல்லா வாசிக்கிறீங்க. ஆனா கடைசியில அடுத்து என்ன படிக்கலாம்னு சொல்றாங்களே ஒரு அம்மா, அவங்களுக்குத்தான் முதல் நன்றி. வெறும் துப்பறியும் கதையே கதின்னு கிடந்தேன். தேனீ, கடல், நட்சத்திரம்னு ஒரு உலகத்தையே காட்டிட்டாங்க."

"எந்த அம்மா?"

"கொஞ்சம் கரகரப்பான குரல். பேசறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு இருமல் வருமே..."

அந்த இருமலோடு அவர் நாற்பது வருடம் குடித்தனம் செய்திருந்தார்.

அந்தம்மா சொன்ன தலைப்புகளை ஆபரேட்டர் வரிசையாக ஒப்பித்தார். தபால்காரர் அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, பதிவுப் பெண் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு முறையும் தபால்காரர் அடுத்ததாக வாசித்தது அதே புத்தகம்தான். அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

"முகம் தெரியாதவங்ககிட்டயெல்லாம் பேசறா, தங்கச்சி... எங்கிட்ட மட்டும் பேசமாட்டேங்கறாளே." சின்னப் பிள்ளைபோல அழுதார்.

கடைசியாக முடித்த பதிவின் முடிவை மட்டும் அங்கேயே ஓடவிடச் சொன்னார். ரிசீவரை ஒலிபெருக்கியின் அருகில் பிடித்தார்.

11.34.

முள் ஆடியது.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை...

மறுமுனையில் ஆபரேட்டர் லேசாகச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"சார்... இது நான் வீட்டுல கேட்டது இல்லையே."

"என்ன சொல்றா?"

தபால்காரர் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

"ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என்ன சொல்றா?"

"உங்ககிட்ட சொல்ல வேண்டாங்கறாங்க, சார்."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

தபால்காரர் எத்தனையோ முறை அந்த மருத்துவமனைக்கு நடந்தார். ஆபரேட்டர் அவர் கையைப் பிடித்துக்கொள்வார், வாயைத் திறக்க மாட்டார். பிற்பாடு ஆபரேட்டரின் மனைவிதான் ஒரு விஷயம் சொன்னாள். அவர் புத்தகம் கேட்பதை விடவில்லையாம். ஆனால் அன்றிலிருந்து எந்தப் பதிவையும் முழுசாக ஓடவிடுவதில்லை. கடைசி வரி வருவதற்குள், அணைத்துவிடுகிறாராம்.