களத்து வண்டியின் பேட்டரி

எங்கள் அப்பா ஒரு கோல்ஃப் வண்டி வாங்கினார் என்று சொன்னால், அவர் கோல்ஃப் ஆடுவாரா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவருக்குக் கோல்ஃப் எதற்கு? மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு சொகுசு விடுதியை மூடிச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், கட்டில் மேசையெல்லாம் விட்டுவிட்டு, கூரை போட்ட அந்த வெள்ளை பேட்டரி வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அத்தைக்காக.

அத்தை அப்பாவின் அக்கா. களத்தை உண்மையில் நடத்தியது அவர்தான். உடைத்த தேங்காய் வெயிலில் காயும்போது வரிசை வரிசையாக நடந்து, தேங்காய்ப் பருப்பை ஒடித்துப் பார்த்து, எதை இன்று அள்ளலாம், எதை நாளைக்கு விடலாம் என்று சொல்லுவார். மூட்டு தேய்ந்துவிட்டது, நடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகும், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்பா வண்டி வாங்கினார்.

வந்த அன்று அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் களத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி அத்தையைக் காட்டி, “அம்மாவுக்கு இனி நடக்கவே முடியாதுங்களா?” என்று அப்பாவிடம் கேட்டாள். அத்தை இறங்கி, “நல்லாத்தான் இருக்குது தம்பி. மழை முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார்.

ஐப்பசி மழைக்குக் களத்தை மூடினோம். வண்டி குடோனுக்குள் போனது. தையில் வெளியே எடுக்கலாம் என்று சாவியைத் திருகினால், சத்தமே இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரிகள் அத்தனையும் செத்துக் கிடந்தன.

கோயமுத்தூரிலிருந்து பேட்டரிக்கார பாய் வந்து பார்த்தார். “ஏனுங்க, பேட்டரியும் மாடு மாதிரித்தானுங்க. கட்டிப் போட்டுட்டா தீனி வேண்டாம்னு ஆயிருமா? அமாவாசைக்கு அமாவாசை சார்ஜ் போடுங்க” என்றார்.

அதோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. பணம் புரட்டிப் புது பேட்டரி மாட்டுவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது; அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் வேறு பேச்சே இல்லை. நிறுத்துவதற்கு முன் முழுச் சார்ஜ். பிறகு டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி முனைகளில் பூத்த உப்பைச் சோடா மாவுத் தண்ணீரில் துடைக்க வேண்டும். செல்போனில் யாரோ இந்திக்காரர் பேசும் வீடியோவை அப்பா, மொழி புரியாமலேயே, சாப்பிடும்போதும் பார்த்தார். அமாவாசையன்று அம்மா இலை போட்டுக் காத்திருப்பார். அப்பா குடோனில் இருப்பார். “எனக்குக் காய்ச்சல்னு படுத்தப்பக்கூட இத்தனை வாட்டி வந்து பாத்ததில்லீங்க” என்று அம்மா சொன்னதும் அவர் காதில் விழவில்லை.

தையில் சாவியைத் திருகினார். வண்டி செத்துத்தான் கிடந்தது.

அப்பா பாயைப் போனில் பிடித்துக் கத்தினார். பாய்க்கும் பொறுமை போய்விட்டது. “நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வெச்சுப்போடுங்க. அப்புறம் எது கரண்ட்டக் குடிக்குதுன்னு பாக்கலாம்” என்றார். ஒரு ஸ்பானர் போதும், ஒரு நிமிட வேலை. அப்பா ஏனோ செய்யவில்லை.

அதற்கடுத்த மார்கழியில், பூனைக்குட்டியைத் தேடிக்கொண்டு குடோனுக்குள் போனேன். வண்டியின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சின் மேல் வைத்த கையோடு அத்தை நின்றிருந்தார்.

“அத்தை, லைட்டு எரியுதுங்க.”

“எரியட்டும் கண்ணு” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

திருடனைப் பிடித்துவிட்ட பெருமையில் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. “தெரியும் அம்மணி” என்றார்.

“அப்ப அந்த ஒயரைக் கழட்டிப் போடுங்கப்பா. பாய் சொன்னாருல்ல?”

“வேண்டாம், இருக்கட்டும்.”

விளக்கையும் அவர் போய் அணைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்களை இத்தனை மாதம் பாடாய்ப்படுத்தியவர், காரணம் தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருக்கிறார். தையில் அத்தையை வைத்துக்கொண்டே சாவியைத் திருகி, உதட்டைப் பிதுக்கி, “எலி ஒயரைக் கடிச்சுப்போட்டுதாட்ட இருக்குதுக்கா” என்று பொய் வேறு சொன்னார். “உடு தம்பி, எனக்குக் காலு இருக்குதல்ல” என்று அத்தை களத்தில் இறங்கி நடந்தார். அப்பா செத்த பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு கோயமுத்தூருக்குக் கிளம்பினார். வழக்கம்போல, புதுசு வந்து மாட்டுவதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது.

மறுவருஷமும் அதே சார்ஜ், அதே தண்ணீர், அதே சோடா மாவு. ஒயரை மட்டும் கழற்றவில்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்களைப் பைத்தியமாக்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தையில் குடோனைத் திறந்தார்கள். அப்பா வழக்கமான அலட்சியத்தோடு சாவியைத் திருகினார். முள் எழுந்து முழுச் சார்ஜைக் காட்டியது. பெடலில் கால் வைத்ததும் வண்டி சத்தமில்லாமல் வெயிலுக்கு வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க யாரும் விளக்கைப் போடவில்லை. நான் கைதட்டிக்கொண்டு குதித்தேன்.

அத்தை யாரும் கூப்பிடாமலேயே வாசலிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்; இந்தத் தடவை களத்தில் இறங்கி நடக்கவில்லை. வண்டிக் கம்பியைப் பிடித்து, இரண்டு முறை முயன்று, ஏறி உட்கார்ந்தார். “மெதுவாப் போ தம்பி” என்றார்.

அப்பா உடனே கிளம்பவில்லை. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறெங்கோ பார்த்தபடி வண்டியை நகர்த்தினார். களத்துப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நான் பின்னால் ஓடினேன். இவ்வளவு பாடுபட்டு ஓடவைத்த வண்டி ஒருவழியாக ஓடுகிறது, இந்த அப்பா ஏன் ஒரு தடவைகூடச் சிரிக்க மாட்டேன் என்கிறார் என்று எனக்கு அவர் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.