பொட்டு வைக்க இடமில்லாத கம்ப்யூட்டர்

நகரியில் கோதைக்கு வைத்த பெயர் 'நொட்டை'. எதைக் கொடுத்தாலும் குறை சொல்வாளாம். பெண் பார்க்க வந்தவன் "சாஃப்ட்வேர்ல மேனேஜர்" என்று மீசையைத் தடவியதும், "ஐடி கார்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டவள் ஆயிற்றே. அவன் காட்டவில்லை. பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்த வழியே போனான். அம்மா திட்டித் தீர்த்தாள். பவர்லூம் சத்தத்தில் காது மந்தமான நைனா மட்டும் சிரித்தார்.

இப்படிப்பட்டவளுக்குத் திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை தேடும் வேலை கிடைத்தது பொருத்தம்தான். பக்கத்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறி ஆறு மாதம் போய்வந்துவிட்டாள். வேலை நிரந்தரம் என்று சொல்லும் கடிதம் மேனேஜர் புருஷோத்தமனின் மேசை இழுப்பறையில் கிடந்தது.

புருஷோத்தமனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கு எங்கே சந்தனம் வைப்பது, எந்த ஓரையில் ஆன் செய்வது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி கம்பெனிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. அவர்களுடைய ஒரு வருஷத்து லேப் ரிப்போர்ட் மொத்தமும் அங்கே ஒரே பெரிய ஃபைலில் இருந்தது. அதைத் திருப்பதியில் உட்கார்ந்தபடி, இங்கேயே இருக்கும் ஃபோல்டரைப் போலத் திறந்து திருத்த வேண்டும். தூரத்து ஃபோல்டரை இப்படி இங்கே கொண்டுவந்து மாட்டுவதற்கு மவுண்ட் என்று பெயர்.

அதைச் சோதிக்கக் கோதை ஒரு கண்டெய்னர் போட்டாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர். தான் சித்தூரில் இருப்பதாகவே அது நடிக்கும். உடைத்தாலும் பாவமில்லை, ஒரு கட்டளையில் மறுபடி பிறக்கும். முதல் இரண்டு நாள் அது அவளை உள்ளேயே விடவில்லை. உள்ளே நுழைவதற்கான ரகசியச் சாவி ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருந்தாள், அதுதான் கோளாறு. உண்டாக்கியவளையே சந்தேகப்பட்ட அந்தப் பொய்க் கம்ப்யூட்டரை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஃபேக்டரியின் அனுமதியோடு அவர்கள் ஃபைலின் நகலை அதற்குள் வைத்து, தினமும் சாயங்காலம் புதுப்பித்தாள்.

படித்துப் பார்த்தாள், சரி. எழுதிப் பார்த்தாள், சரி. எழுதும்போதே இணைப்பைத் துண்டித்தாள். புது ரிப்போர்ட்டும் இல்லை, பழையதும் இல்லை, ஃபைல் காலி. பத்து முறை செய்தாள். பத்து முறையும் அதே கதை.

"சார், எழுதிக்கினு இருக்கும்போது ஒயர் புடுங்குனா பழைய ரிப்போர்ட்டும் போயிடுது."

"யாரும்மா ஒயரைப் புடுங்கப் போறாங்க? உன் பொம்மைக்குள்ள ஆயிரம் ஆவும், பர்லேது, பரவால்ல. எல்லாம் பாஸ்னு எழுதிக் குடு. ஆயுத பூஜையன்னிக்குப் பத்தே முக்காலுக்கு ஆரம்பிச்சிடலாம். உன் லெட்டரும் அன்னிக்கே."

கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும் இருந்தது, இல்லையென்று சொல்வானேன். வேலை போனால் 'நொட்டை' என்று கூப்பிட்ட அத்தனை பேரும் வீட்டுக்கு வந்து அனுதாபப்படுவார்கள். ஆனாலும் சோதனைத் தாளில் 'தோல்வி' என்று எழுதித் தேதியிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினாள்.

"அப்போ லெட்டரும் இல்ல" என்று அவர் தாளையும் இழுப்பறையில் போட்டு மூடினார்.

ஆயுத பூஜையன்று பட்டு வேட்டியில் வந்தார். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்று கோதை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஃபேக்டரி முதலாளி நாகபூஷணம் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்தே முக்காலுக்குப் புருஷோத்தமன் பட்டனைத் தட்ட, சித்தூர் ஃபைலில் எழுதும் வேலை ஓடத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. சுவரில் இருந்த நெட்வொர்க் பெட்டி மட்டும் மூளியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அடடா, இதை மறந்துட்டமே!"

தூசு துடைக்காமல் சந்தனம் வைக்கலாமா? மந்திரத்தை முணுமுணுத்தபடி ஈரத்துணியோடு போனார். ஷாக் அடிக்கக் கூடாதே! ஒயரைப் பிடுங்கிவிட்டுத் துடைத்தார்.

"சார்!" என்று கோதை கத்தினாள். மந்திரத்துக்கு நடுவில் பேசாதே என்று கையைக் காட்டினார்.

ஒயர் திரும்ப ஏறியபோது ஃபைல் காலி. நாகபூஷணம் எழுந்துவிட்டார். "என்னய்யா இது? என் ரிப்போர்ட்டெல்லாம் எங்க?"

புருஷோத்தமனின் நெற்றி விபூதி வியர்வையில் வழிந்தது. கோதை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்டெய்னருக்குள் நேற்றுச் சாயங்காலம் வைத்த நகலை எடுத்துச் சித்தூருக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி இருந்தது.

"நாங்க எப்பவுமே முன்ஜாக்கிரதைங்க" என்று அதற்குள் புருஷோத்தமனுக்குக் குரல் வந்துவிட்டது. "அந்தக் கண்டெய்னரை நான்தான் போடச் சொன்னேன். எங்கம்மா இருக்குது அது? அதுக்கும் ஒரு பொட்டு வச்சிடுவோம்."

வெட்கங்கெட்ட வாய்!

"அது உள்ள இருக்குது சார், பொட்டு வைக்க இடமில்ல." கோதை இழுப்பறையைத் திறந்து சோதனைத் தாளை எடுத்து நாகபூஷணத்தின் கண்ணெதிரே விரித்தாள். "இங்க வைங்க. மேனேஜர் கையெழுத்துக்கு இடம் காலியா இருக்குது."

நாகபூஷணம் குனிந்து படித்தார். தேதியையும் படித்தார். பிறகு புருஷோத்தமனை ஏற இறங்கப் பார்த்தார்.

'ஒயர் பிடுங்கினால் ஃபைல் அழிகிறது, தோல்வி' என்ற வரிக்குக் கீழே, சந்தனம் ஒட்டிய விரலால் பேனா பிடித்துப் புருஷோத்தமன் கையெழுத்துப் போட்டார். கடிதத்தையும் எடுத்து நீட்டினார். கோதை அங்கேயே நின்று அதை மூன்று முறை படித்துப் பார்த்த பிறகுதான் பைக்குள் வைத்தாள்.