பரமேசக்காவின் மணல் வாளி

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் பிரெஞ்சுத் தெருவான ரூ பெர்தொனேயின் கடைக்காரர்கள் கூடி, வரலாற்றுச் சிறப்புள்ள தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினார்கள். பரமேசக்காவின் சேலைக்கடை வாசலில் இருக்கும் பச்சை மணல் வாளியை எவரும் அகற்றக்கூடாது. நகைக்கடைத் தேவன் முன்மொழிந்தார், மரக்கறிக்கடைக்காரர் வழிமொழிந்தார். எதிர்ப்பு எழவில்லை. நடுநிலை வகித்த ஒருவர், தாம் அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாகப் பின்னர் விளக்கமளித்தார்.

அன்று காலைதான் செய்தி வந்திருந்தது. புறநகரான பியர்ஃபித்தில் உள்ள வீட்டில், உறக்கத்திலேயே அக்காவின் உயிர் பிரிந்துவிட்டதென்று மகள் அழைத்துச் சொன்னாள்.

அக்காவிடம் சேலை வாங்கியவர்கள் அந்த வாசலை மறந்திருக்க மாட்டார்கள். தினமும் கடை திறக்குமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கோடையில் அது கண்ணுக்குக் குளிர்ச்சி. தை மாதத்தில் அது சற்று நேரத்தில் மஞ்சள் நிறப் பனிக்கட்டியாகிவிடும். மற்றத் தெருக்களில் வானம் செய்யும் வேலையை எங்கள் தெருவில் நாங்களே செய்துகொண்டோம்.

“அக்கா, குளிர் காலத்தில மட்டும் தெளிக்காமல் விட்டால் என்ன?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வாசல் காய்ஞ்சு கிடந்தால் சனம் என்ன நினைக்கும் தம்பி? உள்ளுக்கை ஆரோ செத்துப்போச்சினம் எண்டெல்லே நினைக்கும்!”

 அடுத்த வாரம் அந்த வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.

கடைக்கு மேல்மாடியில், மற்றவர்களுக்குப் பிரெஞ்சுக் கடதாசி நிரப்பிக் கொடுப்பது என் தொழில். கையில் கட்டு இருந்த காலம் முழுவதும் மதியச் சாப்பாடு அக்கா வீட்டுச் சாப்பாடுதான். மீனில் முள் எடுத்து, இடது கையால் கரண்டியில் அள்ளக்கூடியபடி பிட்டைக் குழைத்துக் கொண்டுவருவார். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் சாப்பிட்டதில்லை. காலையில் வாசலில் காத்துநின்று, என் முழங்கையைப் பிடித்துத் தமது பனிக்கட்டியைக் கடத்தி மாடிப்படியில் விடுவார்.

“இனி என்ரை வாசலில ஒருத்தரும் விழக்கூடாது” என்றார். வாசல் காயவும் கூடாது; எவரும் விழவும் கூடாது. அந்தக் குளிர் காலத்தில் அவருக்கு வேறு கவலை இருக்கவில்லை.

தேவன் பனியை உருக்க ஒரு மூட்டை உப்போடு வந்தார்.

“உப்பை மிதிக்கிறதோ? லட்சுமியடா அது! நீ பவுன் விக்கிறனி, உனக்குத் தெரியாதே?”

“அப்ப சனம் விழட்டும் எண்டுறியளோ?”

“பட்டுக் கரையில வெள்ளைக் கோடு விழும். அதை ஆர் வாங்குவினம், நீயோ?”

தேவன் உப்பைத் தம் கடைக்கே கொண்டுபோனார். அக்கா தவிடு தூவினார். கார் து நோர் ரயில் நிலையத்துப் புறாக்கள் அனைத்தும் திரண்டு வந்தன. அவை விட்டுச் சென்றது பனியைவிட வழுக்கியது. பிறகு மூலைக் கஃபேயில் வாங்கிய காப்பிச் சக்கை. எவரும் விழவில்லை. ஆனால் மணப்பெண்ணின் தாயொருவர் உள்ளே விரித்திருந்த கூறைச்சேலையில் கபில நிறப் பாதமொன்றைப் பதித்துச் சென்றார்.

கடைசியில் மகள், எதிரே விளக்குக் கம்பத்தில் நகரசபை ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தாள். மணல் போடலாம் என்று அதில் இருந்தது. பிறர் கடதாசியை வாசித்துப் பிழைக்கும் நான் அந்தக் கம்பத்தில்தான் தினமும் சைக்கிளைக் கட்டுகிறேன்.

பச்சை வாளியில் மணல் வந்தது. “ஆனால் அக்கா, இது பனியை உருக்காதே” என்றேன்.

“உருகாட்டிப் பரவாயில்லை. ஆள் நிண்டாக் காணும்.”

அதன் பிறகு அந்த வாசலில் எவரும் விழவில்லை. வழக்கத்தையும் கைவிடாமல், மனிதரையும் விழவிடாமல் காப்பது சின்ன விஷயம் என்று அறியாதவர்கள் நினைக்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேலே ஏறி வருகிறவர்களிடம் நான் சொல்வது இன்றும் அக்காவின் அந்த வாக்கியத்தைத்தான்: ஆள் நின்றால் போதும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், பனியைக் கண்டால் தானாக நீளும் ஒரு முழங்கையும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கடும் குளிர். தெருவோரத் தண்ணீர் உறைந்திருந்தது. அக்காவின் கடை திறக்கவில்லை. வாசல் காய்ந்து கிடந்தது. மணல் தேவைப்படவில்லை.