பொன்னாடை வரைக்கும் ஓடிய கேமரா

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருபது வருடமாக வீடியோ எடுத்தவன் நான். கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு, அரங்கேற்றம், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா எதையும் விட்டதில்லை. போன் வைத்திருப்பவன் எல்லாம் கேமராக்காரன் ஆகிவிட்ட பிறகு என்னை ஒருவரும் தேடுவதில்லை. அந்த எரிச்சல் எனக்கு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

ஆகவே போன மாசியில் ஒரு பெண் வந்து என் பழைய டேப்புகளைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜமைக்காப் பெற்றோருக்கு இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். லண்டனில் அரசியல் பொறுப்புக்கு வந்த கறுப்பு, ஆசியப் பெண்களைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கிறாள். அதில் ஒருவர் எங்கள் அக்கா.

கூடப்பிறந்த அக்கா அல்ல, ஊருக்கே அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துகொண்டே, சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து, அதுதான் ரன்னிங் ஷூ, போட்டு, வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்துக் கவுன்சிலர் ஆனவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. இப்போது ஒரு நாளைக்கு நாலு சொல் வந்தால் பெரிய காரியம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அக்காவின் குரல். அது இல்லாமல் படம் எடுத்தால் பார்ப்பவர்களுக்கு அனுதாபம் வரும், அவர் செய்த அரசியல் தெரியாது என்றாள். ஞாயமான கதைதான்.

அக்காவை முப்பது தரமாவது எடுத்திருப்பேன், ஒன்றுக்கும் யோசிக்காதே என்று பெருமையடித்தேன்.

இரண்டு பேருமாக இருந்து டேப்புகளைப் போட்டுப் பார்த்தோம். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் காலத்து மண்டபங்கள், பெரிய பெரிய கண்ணாடி போட்ட மனிதர்கள், தலை நரைக்காத என் சிநேகிதர்கள். ஒவ்வொன்றிலும் அக்கா வருகிறார், குத்துவிளக்கு ஏற்றுகிறார், பொன்னாடை போடுகிறார்கள், மைக்கைப் பிடிக்கிறார். அடுத்த காட்சி பிள்ளைகளின் நடனம். அடுத்த டேப்பிலும் அப்படியே. பேச்சுத் தொடங்கினால் கேமராவை நிறுத்துவது என் தொழில் பழக்கம். டேப் மிச்சம், பேட்டரி மிச்சம், எனக்கும் ஒரு வடை சாப்பிட நேரம் கிடைக்கும். வீட்டுக்காரரும், "பேச்சை எடுக்க வேண்டாம் அண்ணை, ஆர் பாக்கிறது?" என்பார்கள். அந்தப் பெண் அடுத்த டேப்பை எடுத்துப் போட்டாள். நாலு ஏச்சு ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசிக்கு முந்தின டேப்பில் ஒரு சாமத்தியவீடு. நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு பொத்தானை இரண்டு தரம் அமத்தியிருக்கிறேன். கேமராவை ஒரு கதிரையில் வைத்துவிட்டேன். படத்தில் மேசைவிரிப்பின் கரையும் அக்காவின் ஓட்டச் சப்பாத்தும் மட்டும்தான். ஆனால் குரல் தெளிவாகக் கேட்டது.

"சுவரெல்லாம் பூஞ்சணம் அக்கா. பிள்ளைக்கு இழுப்பு விடுதில்லை" என்கிறாள் யாரோ ஒரு தாய்.

"கவுன்சிலுக்குப் போன் அடிச்சனீங்களோ?"

"அடிச்சனான். அவை இங்கிலீசிலை கேக்கினம், எனக்குப் பதில் சொல்ல ஏலாமல் கிடக்கு."

"திங்கட்கிழமை காலமை கவுன்சில் ஆளைக் கூட்டிக்கொண்டு நானே வாறன். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். சுவரைக் காட்டுங்கோ, அதுவே காணும்."

இப்படி அரை மணித்தியாலம். பள்ளிக்கூட இடம், பெனிபிட் உதவிப்பணக் கடிதம், ஒருத்தியின் நைட் ஷிப்ட். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவள் முகம் மலர்ந்தது. என் பிழையை டேப்பே மூடிவிட்டது என்று எனக்கும் நிம்மதி.

பிறகு அக்கா சொல்கிறார்: "தம்பி, இப்ப என்னைக் கூப்பிடப் போகினம். இந்த முறையாவது நான் கதைக்கிறதை எடுப்பீரோ?"

"ஓம் அக்கா, எடுக்கிறன். நீங்கள் போங்கோ." என் குரல். வாயில் வடை.

சப்பாத்து எழுந்து போகிறது. கைதட்டல். "எல்லாருக்கும் வணக்கம்" என்று அக்கா தொடங்குகிறார். கிட்டத்தில் மறுபடி என் குரல்: "அட, இது ஓடிக்கொண்டெல்லே கிடக்கு." அதோடு நான் பொத்தானை அமத்த, டேப் கறுத்துவிட்டது.

பேச்சு வந்தால் நான் நிறுத்திவிடுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

என் குரலை வெட்டிவிடவா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். படத்துக்குக் கீழே ஓடும் ஆங்கில வரிகளையும் நானே எழுதினேன், என்னுடையதையும் சேர்த்து.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நூலக மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். அக்கா சக்கரநாற்காலியில் என் பக்கத்தில் இருந்தார். பூஞ்சணக் கதைக்குத் தலையாட்டினார். என் "ஓம் அக்கா" வந்தபோது சனம் சிரித்தது, அவரும் சிரித்தார். திரை கறுத்ததும் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சொல் வர நேரம் எடுத்தது.

"அண்டைக்கு... நான்... என்ன கதைச்சனான்?"

அந்தச் சாமத்தியவீட்டு மண்டபத்தில் அன்றைக்கு முந்நூறு பேர் இருந்தோம். நான் மேடையிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றேன்.

"தெரியாது அக்கா" என்றேன்.